கை நனைக்காமல் மெட்ராஸ் பார்த்தது

மாணிக்கவாசகத்துக்கு மெட்ராஸ் தெரியாது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை போட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது, குடியிருப்பது மந்தைவெளியில். காலையில் பஸ் ஏறினால் கடை, ராத்திரி பஸ் ஏறினால் வீடு. நடுவில் கிடக்கிற ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார், அதுவும் உட்கார இடம் கிடைத்த நாட்களில். ஊர்க்காரர்கள் வந்து, "அண்ணாச்சி, மெட்ராஸ்ல பாக்கதுக்கு என்னெல்லாம் இருக்கு?" என்று கேட்டால், "ஒண்ணா ரெண்டா, சொல்லி முடியுமா?" என்பார். சொல்லவும் மாட்டார். கடையில் கூட்டம் என்று நழுவிவிடுவார்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு சனிக்கிழமை பூராவும் மெட்ராஸைச் சுற்றிக்காட்ட வேண்டி வந்தது. அதுவும் சும்மா இல்லை. பெற்ற பெண்ணின் கல்யாணமே அதில் போய் மாட்டிக்கொண்டிருந்தது.

பெண் பெயர் சுலோச்சனா. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள். கிண்டி தொழிற்பேட்டையில் பூங்கொடி பிஸ்கட் கம்பெனியில், மாவையும் பிஸ்கட்டையும் சோதித்துப் பார்க்கிற லேப்பில் வேலை. நல்ல வேலைதான், மரியாதையான வேலைதான். ஆனால் போன தை மாதம் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் இதைக் கேள்விப்பட்டு, "கடை படுத்துட்டுதா அண்ணாச்சி? பொம்பளப் பிள்ளையச் சம்பாதிக்க அனுப்பிட்டீகளே" என்று கேட்டுவிட்டுப் போனது. போனது போனதுதான். அந்த ஒரு வார்த்தை மாணிக்கவாசகத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அடுத்து யார் வந்தாலும் இந்த வேலை விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டார்.

"கேட்டா சொல்லிருங்கப்பா," என்றாள் சுலோச்சனா.

"கேட்டாப் பாப்போம்," என்றார் அவர்.

இந்தத் தடவை வந்தவர்கள் கோவில்பட்டிக்காரர்கள். வெள்ளைத்துரை அங்கே எண்ணெய் மில் வைத்திருப்பவர். கூட வந்தது அவர் மனைவி தங்கம். பையன் நெய்வேலியில் எஞ்சினீயர். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "நாங்க பாத்தா அவன் பாத்த மாதிரிதான்," என்று சொல்லிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் மட்டும் ரயிலேறி வந்திருந்தார்கள்.

ராகு காலம் பிறக்குமுன் பெண் பார்க்கும் சடங்கு நடந்தது. சுலோச்சனாவின் மூக்குக்கண்ணாடியை அவள் அம்மா சண்முகவடிவு பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். கண்ணாடி இல்லாவிட்டால் சுலோச்சனாவுக்கு எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. அதனால் குனிந்த தலை நிமிராமல் வந்து, காபியை வைத்து, விழுந்து கும்பிட்டு, கதவு நிலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அடக்கம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று மாணிக்கவாசகம் திருப்திப்பட்டார்.

"பிள்ளை பொழுதுக்கும் வீட்ல என்ன செய்யும்?" என்று கேட்டார் வெள்ளைத்துரை.

கேட்டேவிட்டார். மாணிக்கவாசகம் ஒரு தடவை செருமினார். "தையல் உண்டு. கோலம் பிரமாதமாப் போடுவா. வெளில தெருவுலன்னு எங்கயும் போறதில்ல."

அடுப்படியில் ஒரு பாத்திரம் கொஞ்சம் ஓங்கியே வைக்கப்பட்டது.

தட்டில் கேசரியும் பஜ்ஜியும் இருந்தன. காபி ஆவி பறந்தது. வெள்ளைத்துரை அதையெல்லாம் ஒரு பார்வை பார்த்து, தட்டை ஒரு விரலால் நகர்த்தி வைத்தார்.

"தப்பா நினைக்கப்படாது அண்ணாச்சி. பதில் சொல்லாத வீட்ல நாங்க கை நனைக்கதில்ல."

இது ஊரறிந்த வழக்கம்தான். சம்பந்தம் பேசி முடிகிறவரை பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஆனால் அவரவர் வசதிக்கு அதை வளைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். காபி கையையா நனைக்கிறது என்று கேட்டுக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போவார்கள். வெள்ளைத்துரை வளைகிற ஆள் இல்லை. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. பெண் வீட்டார் காசு கொடுத்து வெளியே எதை வாங்கினாலும் அதுவும் பெண் வீட்டுச் சாப்பாடுதான் என்பது அவர் கட்சி. சரி, சொந்தக் காசில் ஹோட்டலில் சாப்பிடலாமே என்றால் அந்தக் கதவும் அடைப்பு. "எவன் கை பட்டுதோ" என்று ஆயுசில் ஹோட்டல் வாசலை மிதித்தவரில்லை. கட்டிக்கொண்டு வந்த இட்லித் தூக்கை ரயிலிலேயே மறந்து வைத்துவிட்டு இறங்கியிருந்தார்கள். ஆக, மனுஷன் அன்றைக்கு முழுப் பட்டினி. கூடவே அவர் மனைவியும் பட்டினி. அவளை யார் கேட்டார்கள்?

"மதினி, ஒரு வாய் தண்ணியாவது," என்று ஆரம்பித்தாள் சண்முகவடிவு.

தங்கம் கேசரியிலிருந்து கண்ணைப் பிய்த்து எடுத்துப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். "இருக்கட்டும் மதினி," என்றாள். அந்த "இருக்கட்டும்" எவ்வளவு கஷ்டத்தோடு வந்தது என்பது சண்முகவடிவுக்குப் புரிந்தது.

"பதில் சாயங்காலம் ரயிலேறுததுக்கு முந்திச் சொல்லிருதேன்," என்றார் வெள்ளைத்துரை. "அதுவரைக்கும் மெட்ராஸைக் காட்டுங்க அண்ணாச்சி. நான் முதத் தடவை வாரேன்."

மாணிக்கவாசகத்துக்கு ஒரு வகையில் நிம்மதிதான். சுலோச்சனாவுக்குக் கம்பெனியில் அரைநாள் லீவுதான் கொடுத்திருந்தார்கள். இவர்கள் ஊர் சுற்றப் போய்விட்டால் அவள் சத்தமில்லாமல் கிண்டிக்குக் கிளம்பிவிடலாம். தாம் எந்த ஊரைக் காட்டப்போகிறோம் என்ற பயம் டாக்சியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

டாக்சி குலாம் ரசூலுடையது. ராயப்பேட்டைக்காரர். பாண்டி பஜார் ஸ்டாண்டில்தான் வண்டி நிற்கும். பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பதும் மாணிக்கவாசகம் கடையில்தான். முதலாளியின் முகத்தில் ஓடிய கலவரத்தைப் பார்த்து, "நீ கம்முனு குந்திக்கினு வா முதலாளி, ஊர நான் காட்டிக்கினு போறேன்," என்றார்.

முதலில் மயிலாப்பூர்க் கோயில். வெள்ளைத்துரை கும்பிட்டார், திருநீறு பூசிக்கொண்டார், ஆனால் கோபுரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "எங்க பக்கத்துல கோயிலுக்கு என்ன பஞ்சம்?" என்றார். தங்கம்தான் மடப்பள்ளிப் பக்கமிருந்து வந்த புளியோதரை வாசனையைப் பிடித்துக்கொண்டு, "சாமி பிரசாதம் சாப்பிட்டா ஒண்ணும் இல்லைல்லா?" என்று மெதுவாகக் கேட்டாள். "பிரசாதத்துக்கு என்ன, தாராளமா," என்றார் வெள்ளைத்துரை, இடுப்பில் பர்ஸைத் தேடிக்கொண்டே. அதற்குள் மாணிக்கவாசகம், விருந்தாளியைக் காசு கொடுக்க விடுவதா என்ற பெருந்தன்மையில் ஒரே ஓட்டமாக ஓடிப்போய், தாமே காசு கொடுத்து மூன்று தொன்னை வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார்.

வெள்ளைத்துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "உங்க காசுல்லா அண்ணாச்சி."

மாணிக்கவாசகத்தைத் தங்கம் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நிச்சயமான கல்யாணம்கூட நின்றுபோகும். வெளியே வாழைப்பழக் கடையிலும் இதே கதைதான் நடந்தது. கடைக்காரனாகப் பிறந்து காசை நீட்டுகிற இடத்தில் கை சும்மா இருக்கத் தெரியாத மனுஷன், என்ன செய்வது? மூன்று தொன்னைப் புளியோதரையும் ஒரு சீப்புப் பழமும் குலாம் ரசூலுக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் மறுக்கவில்லை.

கடற்கரைக்குப் போனார்கள். "திருச்செந்தூர்ல இல்லாத கடலா?" என்றார் வெள்ளைத்துரை. ஒரு சிலையைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டார்.

"பெரிய மனுஷர்," என்றார் மாணிக்கவாசகம்.

"அது சரி. என்ன செஞ்சாரு?"

"செஞ்சதுனாலதானே அண்ணாச்சி சிலை வச்சிருக்காங்க."

இந்தப் பதிலில் தப்புக் கண்டுபிடிக்க முடியாததால் வெள்ளைத்துரை அடுத்த சிலைக்கு எதுவும் கேட்கவில்லை.

மவுண்ட் ரோடில் அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்துக்கு முன்னால் வண்டி நின்றபோதுதான் அவர் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. ஆனால் கட்டடத்துக்காக இல்லை, உள்ளே ஓடுகிற லிஃப்ட்டுக்காக. ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். "கயிறா, சங்கிலியா? மோட்டார் மேல இருக்கா, கீழயா?" என்று லிஃப்ட்காரரைத் துளைத்தெடுத்தார். "சார், நான் பட்டனத்தான் அமுக்குறேன், மீதிய அது பாத்துக்குது," என்று அவர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் வெளியே வந்தார்.

அடையாற்றுக்குப் போய் ஆலமரத்தைக் காட்டினார்கள். ஊர் உலகத்திலிருந்தெல்லாம் வந்து பார்க்கிற மரம். வெள்ளைத்துரை விழுதுகளுக்கு நடுவில் நின்று நாலா பக்கமும் பார்த்தார். "நிழல் நல்லாத்தான் இருக்கு. மரம் பாக்கவா அண்ணாச்சி ரயில் சார்ஜ் குடுத்து வந்தேன்?" என்றார். வாசலில் இருந்த கார்ப்பரேஷன் குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தார். கார்ப்பரேஷன் யாருக்கும் சம்பந்தி இல்லை. தங்கமும் குடித்தாள். எதிர்க்கடையில் குலாம் ரசூல் ஒரு பன்னை டீயில் முக்கி முக்கி, அவசரமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தார். தங்கம் அதைக் கடைசித் துண்டுவரை பார்த்தாள்.

வண்டியில் ஏறியதும் வெள்ளைத்துரை மனசைத் திறந்தார். பசி வயிற்றில் இருந்தாலும் பேச்சு என்னவோ நிதானமாகத்தான் வந்தது. "பள்ளிக்கூடத்துல படிச்சேன் அண்ணாச்சி, மெட்ராஸ் பெரிய தொழில் பட்டணம்னு. பஞ்சாலை, தோல், இரும்பு, ரயில் பெட்டின்னு வாத்தியார் மனப்பாடம் பண்ணச் சொன்னாரு. அந்த நாள்ல இருந்து பாக்கணும்னு ஆசை. காலைல இருந்து சுத்துதோம், ஒரு புகைபோக்கியக் கண்ணுல காட்டலியே நீங்க."

மாணிக்கவாசகம் திருதிருவென்று விழித்தார். அவருக்குத் தெரிந்து, கடை இருக்கிற தி. நகரில் புகை வருவது ஹோட்டல் அடுப்பிலிருந்துதான்.

"பெரிய மில்லுலாம் வடக்கால கீது நைனா," என்றார் குலாம் ரசூல். "அங்க முன்னாடியே எழுதிப் போட்டு பெர்மிஷன் வாங்கணும். ரயிலப் புடிக்க முடியாது. இன்னா, கிண்டில எஸ்டேட் கீதே, இங்கேந்து ஒரு மிதி. குட்டிக் குட்டியா ஃபேக்டரி நெறைய."

"சனிக்கிழமை. மூடியிருக்கும்," என்றார் மாணிக்கவாசகம் அவசரமாக.

"யாரு சொன்னது? நம்ம பாப்பாவே அங்க..."

மாணிக்கவாசகத்துக்கு இருமல் வந்தது. அப்படி ஒரு இருமலை அவரே எதிர்பார்க்கவில்லை. வெள்ளைத்துரை முதுகில் தட்டிக்கொடுக்க, தங்கம் புடவைத் தலைப்பால் விசிற, வண்டிக் கண்ணாடியில் பார்த்த குலாம் ரசூல் ஏதோ புரிந்து வாயை மூடிக்கொண்டார். ஆனால் வண்டி கிண்டிக்குத்தான் போனது. வெள்ளைத்துரை "போங்க" என்று சொல்லியாகிவிட்டது.

போகிற வழியெல்லாம் மாணிக்கவாசகம் தெரிந்த தெய்வங்களையெல்லாம் வேண்டிக்கொண்டார். தெய்வங்கள் முதலில் காது கொடுத்தன. போல்ட் செய்கிற ஃபேக்டரியில் பாஸ் கேட்டார்கள். மின்விசிறி ஃபேக்டரியில் முதலாளி ஊரில் இல்லை. இன்னொன்றில் கேட்டைத் திறக்கவே இல்லை. வெள்ளைத்துரை ஒரு வேலிக்கு மேல் எம்பி எட்டிப் பார்த்தார். ஒரு தகரக் கூரை தெரிந்தது. அவர் முகம் தொங்கிவிட்டது. மாணிக்கவாசகத்துக்கு அதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இன்னொரு பக்கம் அப்பாடா என்றும் இருந்தது.

"ஸ்டேஷனுக்குப் போயிருவோம்," என்றார் வெள்ளைத்துரை. "அங்க உக்காந்து பதிலச் சொல்லுதேன்."

அந்தக் குரலே சரியில்லை. நல்ல பதில் சொல்கிறவன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தா சொல்லுவான்?

அப்போது காற்றுத் திரும்பியது. வெண்ணெயும் சர்க்கரையும் வறுபடுகிற மணம், சூடாக, கனமாக, ரோட்டை நிறைத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடாத ஒரு எண்ணெய் மில் முதலாளியின் மூக்கு அதை எப்படி வாங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைத்துரை டாக்சிக் கதவில் வைத்த கையை எடுத்தார். மணம் வந்த திசையில் நடந்தார். தங்கம் அவருக்கும் முன்னால் நடந்தாள்.

"அண்ணாச்சி, ரயில், ரயில்," என்று மாணிக்கவாசகம் பின்னாலேயே ஓடினார்.

பூங்கொடி பிஸ்கட் கம்பெனியின் கேட் அகலத் திறந்திருந்தது. உள்ளே விடுவார்களா என்று வெள்ளைத்துரை கேட்டதற்கு, "தாராளமா பாருங்க சார், எங்க பிஸ்கட்ல மறைக்க ஒண்ணும் இல்ல," என்றார் மேனேஜர். ஒரு ஆளைக் கூப்பிட்டு, "லேப் மேடத்த வரச் சொல்லு, விசிட்டர்ஸ் வந்திருக்காங்க," என்றார்.

மாணிக்கவாசகம் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார். மகள் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிற இடத்துக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. மெட்ராஸில் பார்க்காமல் விட்ட எத்தனையோ இடங்களில் இதுவும் ஒன்று. வெள்ளைக் கோட்டும், தலைமுடி முழுவதையும் மூடிய துணித் தொப்பியும், மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பெண் விறுவிறுவென்று நடந்து வந்தாள். யாரோ பெரிய ஆபீசர் என்று ஒரு கணம் அவரே ஒதுங்கி நின்றார். அப்புறம்தான் நடை தெரிந்தது.

சுலோச்சனா அப்பாவைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தாள். அவர் தூணோரத்திலிருந்து தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணால் கெஞ்சினார். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. வெள்ளைத்துரை பக்கம் திரும்பி, "வணக்கம் சார். வாங்க, மாவு பிசையற இடத்திலேருந்து காட்டறேன்," என்றாள்.

வெள்ளைத்துரைக்கு ஒரு துளிக்கூட அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? காலையில் அவர் பார்த்தது ஒரு வகிட்டையும் மல்லிகைச் சரத்தையும்தான்.

"இந்தப் பிள்ளையத் தெரியுமா அண்ணாச்சி? உங்களப் பாத்துச் சிரிக்க வந்த மாதிரி இருந்துது," என்றார்.

"எனக்கா? தெரியாதே," என்றார் மாணிக்கவாசகம். அதோடு விட்டிருக்கலாம். "மெட்ராஸ்ல எல்லாரும் எல்லாரையும் பாத்து அப்படித்தான் சிரிப்பாங்க," என்றும் சேர்த்துக்கொண்டார்.

சுலோச்சனாவின் காதில் அது விழுந்தது. விழுந்தது அவருக்கும் தெரிந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அதற்கப்புறம் வெள்ளைத்துரை வேறு மனுஷனாகிவிட்டார். மாவைப் பிசைகிற அண்டா, அதைத் தகடாக இழுக்கிற உருளை, வட்டம் வட்டமாக வெட்டித் தள்ளுகிற அச்சு, நீளமான அடுப்புக்குள் ஊர்ந்து போகிற பட்டை என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று கேள்வியாகக் கேட்டார். சுலோச்சனா சலிக்காமல் சொன்னாள். உருளைக்கு எத்தனை குதிரைச் சக்தி, அடுப்பில் எங்கே எவ்வளவு சூடு, பட்டை நின்றால் எத்தனை பிஸ்கட் கருகும், எல்லாம். "எங்க மில்லுல ஒரு பேரிங் சும்மா சும்மா சூடாகுதும்மா," என்று அவர் தம் வீட்டுக் கஷ்டத்தையே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவள் இரண்டு கேள்வி கேட்டாள். அவர் ஐந்து நிமிஷம் பதில் சொன்னார். மிஷின் சத்தத்தில் இருவரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டார்கள். மாணிக்கவாசகத்துக்கு அதில் முக்கால்வாசி புரியவில்லை. வீட்டில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட ஒரு வார்த்தையில் பதில் சொல்கிற பெண்ணா இவள் என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைத்துரை அவரைத் தோளில் தொட்டு ஓரமாக இழுத்தார். "அண்ணாச்சி, ஸ்டேஷன்ல சொல்லணும்னு இருந்தேன். மனசுல வச்சுக்கிட்டு சுத்த முடியல. உங்க மக தங்கமான பிள்ளை. குத்தம் சொல்லக் கூடாது. ஆனா நம்ம பயலுக்கு மிஷின விட்டா வேற பேச்சு கிடையாது. உங்க பிள்ளைக்குத் தையலும் கோலமும். கல்யாணம் கட்டி ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டா இருப்பாங்க? இந்தா நிக்கிதே, இது மாதிரி ஒரு பிள்ளை உங்க வீட்ல இருந்திருந்தா, காலைலயே கேசரிய ஒரு பிடி பிடிச்சிருப்பேன்."

இந்தத் தடவை மாணிக்கவாசகத்துக்கு இருமல்கூட வரவில்லை. சொல்லிவிடலாமா? இதுதான் அவள் என்று எப்படிச் சொல்வது? தெரியாது என்று சொல்லி அரைமணிகூட ஆகவில்லை. பெற்ற மகளைத் தெரியாது என்றவனுக்கு யார் சம்பந்தி ஆவான்? இப்படி நினைத்துக்கொண்டு நின்றவர் நிற்கவே செய்தார்.

அடுப்பின் மறுமுனையில் பிஸ்கட்டுகள் பொன்னிறமாக வந்து விழுந்துகொண்டிருந்தன. சுலோச்சனா ஒரு தட்டில் எடுத்துவந்து நீட்டினாள். "சாப்பிட்டுப் பாருங்க. மாவு போடறதிலேருந்து கடைசி வரைக்கும் கை படாம மிஷினே செய்யறது."

வெள்ளைத்துரை தட்டைப் பார்த்தார். மனசுக்குள் அவர் நடத்திய வழக்கு முகத்தில் அப்படியே தெரிந்தது. இது ஹோட்டல் இல்லை. எவன் கையும் படவில்லை. அண்ணாச்சி காசும் கொடுக்கவில்லை. பெண் வீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தீர்ப்பு சாதகமாக வந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டார், கண்ணை மூடினார். அடுத்ததற்குக் கண்ணைத் திறக்காமலே கை போனது. தங்கம் வழக்கு எதுவும் நடத்தவில்லை. தட்டின் பாதி அவள் பக்கத்தில் காலியாகிக்கொண்டிருந்தது.

கடைசித் துகளையும் முந்தானையிலிருந்து தட்டிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, ஒரு ஏப்பமும் விட்ட பிறகு தங்கம் வாயைத் திறந்தாள். "சரி, கை நனைச்சாச்சு. கிளம்புங்க, மதினி வீட்ல போய்ச் சோறு திம்போம்."

"என்ன சொல்லுத? யாரு வீட்ல கை நனைச்சேன்?"

"தட்டை நீட்டுனது யாருன்னு நினைச்சீக? காலைல காபி வைக்கும்போதே பாத்தேன், புறங்கையில சூட்டுத் தழும்பு. கோலம் போடுத கைல சூடு எப்படிப் பட்டுதுன்னு யோசிச்சேன். இப்ப உள்ள வந்ததுமே அதே தழும்பப் பாத்தேன், தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீங்க தின்ன விட மாட்டீகளே."

வெள்ளைத்துரை சுலோச்சனாவை உற்றுப் பார்த்தார். இன்னும் பிடிபடவில்லை. அவள் தொப்பியை எடுத்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், காலையில் செய்த மாதிரியே தலையைக் குனிந்தாள்.

"அட, ஆமா," என்றார் வெள்ளைத்துரை, அந்த வகிட்டைப் பார்த்து.

அப்புறம் மாணிக்கவாசகத்தின் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. "தெரியாதுன்னு சொன்னீகளே அண்ணாச்சி," என்று மட்டும் கேட்டார். மாணிக்கவாசகம் தரையைப் பார்த்தார். தரையில் மாவு சிந்தியிருந்தது. போன தையில் வந்தவர்கள் கேட்டது, கடை படுத்துவிட்டதா என்ற அந்த வார்த்தை, எல்லாம் சொல்ல நினைத்தார். நாலு பேருக்குப் பயந்து மகளையே மறைத்தோம் என்பதை எந்த மாதிரி சொன்னாலும் நன்றாக இருக்கப்போவதில்லை என்று தெரிந்து, சிந்திய மாவைக் காலால் ஒதுக்கினார்.

வெள்ளைத்துரை பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: "நான் பேச்சு மாறுதவன் இல்ல. கை நனைச்சா சம்மதம். எனக்கும் மனசு நிறைஞ்சுதான் சொல்லுதேன். அடுத்த முகூர்த்தத்துலயே..."

"மாமா," என்றாள் சுலோச்சனா. "கை நனைச்சது நீங்கதான். நான் இன்னும் நனைக்கலை. அவரை லீவு போட்டு வரச் சொல்லுங்க. நானும் பார்க்கணும். கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பார்ப்பேன். இந்த வேலையை விட மாட்டேன்னும் அவர்கிட்டச் சொல்லணும்."

வெள்ளைத்துரை மனைவியைப் பார்த்தார். "வரட்டுமே, வந்தா என்ன?" என்றாள் தங்கம். அவளுக்கு வயிறு நிறைந்திருந்தது. எதையும் ஒத்துக்கொள்கிற நிலையில் இருந்தாள். வெள்ளைத்துரையும் தலையை ஆட்டினார். "அந்தப் பேரிங் விஷயத்தையும் அவன்கிட்டச் சொல்லும்மா," என்றார்.

சுலோச்சனா அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள். கண்ணாடி இன்னும் கையில்தான் இருந்தது. ஆனாலும் நேராகத்தான் பார்த்தாள்.

"இவங்களுக்கு என்னைத் தெரிஞ்சு போச்சுப்பா. நீங்க சொல்லுங்க. என்னைத் தெரியுமா, தெரியாதா?"

"என் பொண்ணு," என்றார் மாணிக்கவாசகம்.

மிஷின் இரைந்துகொண்டிருந்தது. "கேக்கலைப்பா," என்றாள்.

கேட்டிருந்தது. அது அவருக்கும் தெரியும். மாணிக்கவாசகம் தலையை நிமிர்த்தினார். கடையில் எந்த வாடிக்கைக்காரரிடமும் உயர்த்தாத குரலை உயர்த்தி, அடுப்புச் சத்தத்துக்கும் மேலாக, "இவ என் பொண்ணு சுலோச்சனா. இங்கதான் வேலை பாக்கறா," என்று கத்தினார்.

பாக்கெட் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.